இரண்டு பக்கமும் பச்சை

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு மூன்று வருடங்கள் கழிந்திருந்த ஒரு பின்னேரம். நான் றேடியோ திருத்துகிற கடைக்கு என் மாமாவின் மகள் வந்து, சந்தியில் வாகனங்களை மறிக்கிற சிக்னல் லைற் ஒன்று செய்யவேண்டும் என்றாள். கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பாவித்த காலம் அது. ஊரிலிருந்த கார்களில் பாதி, கோழிகள் அடைகாக்கும் இடமாகிவிட்டன. மிச்சப் பாதி மண்ணெண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கியபடி, நடந்து போகிறவர்களை மெல்ல மெல்ல முந்திக்கொண்டிருந்தன.

“ஆரை மறிக்கப் போறீர் மச்சாள்? ஆடுகளையோ?”

“முதல்லை உம்மைத்தான். உந்தச் சந்தியிலை ஒரு பக்கமும் பாராமல் திரும்புற ஆள் நீர் ஒராள்தான்.”

இணுவிலில், ஒழுங்கை என்கிற சின்னத் தெருவில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான் இருந்தது. மச்சானும் மச்சாளும் பகிடி விடாமல் கதைத்தால், சுகமில்லையோ என்று வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவள் தன் பகிடிக்குத் தானே சிரிக்கவில்லை. மேசையில் ஒரு ரப்பர்ச் செருப்பை வைத்தாள். குதிப் பக்கத்தை ஒரு பிளேட்டால் கீறி, உள்ளேயிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தாள். இரண்டு பக்கமும் கால் முளைத்த, செத்துப்போன மட்டத்தேள் மாதிரி இருந்தது.

அவளுடைய அண்ணை கனடாவிலிருந்து அனுப்பிய சிப் அது. கொழும்பு வரை விமானத்தில் சொகுசாக வந்து, வவுனியாவுக்கு இங்காலை ஒரு மனிசியின் காலுக்குக் கீழே ஒளித்து வந்தது. பற்றரி, வயர், றேடியோச் சாமான் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று அரசாங்கத்தின் தடை இருந்தது. செருப்பைத் தடுக்க அதுவரை ஒருவரும் நினைக்கவில்லை.

அவள் தபால் மூலம் இலத்திரனியல் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சோதனைக்கு, இந்த மாதிரிச் சிப் ஒன்றை வைத்துச் சிக்னல் லைற் ஒன்று கட்டி, கொழும்பில் சோதனைக்காரருக்கு முன்னால் எரிய வைத்துக் காட்டவேண்டும். இரண்டு தரம் சண்டையில் பாதை பூட்டுப்பட்டு அவளால் போக முடியவில்லை. மூன்றாந்தரமும் தவறினால் படித்த வருடங்கள் எல்லாம் கழிவு என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பிலிருக்கிற பிள்ளைகள் அங்குள்ள மிசினில் கொடுத்துச் சிப்பை எழுதிக்கொள்வார்கள். ஊரைவிட்டு வெளியே போய்வர அவளுக்குக் கிடைக்கப்போகிற பாஸோ சில நாட்களுக்குத்தான். போய் இறங்கிச் சோதனைக்கு நிற்கத்தான் நேரம் வரும். ஆகவே சிப்பை இங்கேயே எழுதிக்கொண்டு போகவேண்டும்.

“பிழைச்சால்?” என்று கேட்டேன்.

“பிழைச்சால் அவ்வளவுதான். வேறை சிப் இல்லை. வேறை செருப்பும் இல்லை.”

சாதாரணச் சிப் பிறக்கும்போதே தொழிலோடு பிறக்கிறது. ஒன்று கூட்டும், ஒன்று எண்ணும். இது தொழிலே இல்லாமல் பிறந்தது. அந்த வகையில் எனக்குச் சொந்தக்காரன். மச்சாள் எனக்கு அதை விளங்கப்படுத்தியது வேலியைக் காட்டித்தான்.

“எங்கடை ஒழுங்கையிலை ஒவ்வொரு வேலியிலையும் ஒரு பொட்டு இருக்கெல்லோ, ஆக்கள் பூந்து போறதுக்கு? இதுக்குள்ளை அப்பிடி ஆயிரக்கணக்கான பொட்டு. பிறக்கேக்கை எல்லாம் திறந்து கிடக்கும். ஆரும் ஆற்றை வளவுக்குள்ளையும் போகலாம். வேண்டாத பொட்டுகளை நாங்கள் அடைச்சுக்கொண்டு வரவேணும். மிஞ்சிக் கிடக்கிற பாதைதான் சிக்னல் லைற்.”

“அடைச்ச பொட்டைத் திரும்பப் பிரிக்கேலாதோ?”

“ஏலாது. உள்ளை இருக்கிறது தலைமயிரைவிட மெல்லிய பியூஸ். எரிச்சால் எரிச்சதுதான்.”

அந்த மட்டத்தேளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டும் தெரியவில்லை. ஒரு ஊரே வேலியும் வளவுமாக அதற்குள் குந்தியிருக்கிறது என்று நினைக்க, உள்ளங்கை கொஞ்சம் கூசியது.

என்னிடம் அவள் வந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. என் கடைக்கு வந்த றேடியோ திரும்பிப் போகும்போது பாடாவிட்டாலும் சூடாகவாவது இருக்கும் என்று ஊரில் பேர். காரணம் என் கொம்பியூட்டர். மின்சாரம் இருந்த காலத்தில் லண்டனிலிருந்து சித்தப்பா அனுப்பியது. தட்டுகிற பலகைதான் கொம்பியூட்டர். அதைச் சின்ன ரீவியில் கொழுவினால் எழுத்து வரும். எழுதியதைப் பாட்டுக் கசற்றில் பதிந்து வைக்கலாம். இரண்டையும் கார்ப் பற்றரியில் ஓட்டலாம் என்பது பெரிய புண்ணியம். அதில் நான் சாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அது ஒருமுறை என் மாமாவுக்கும் எங்கள் வீட்டுப் பசுவுக்கும் பத்துப் பொருத்தமும் உண்டென்று சொன்னதிலிருந்து, மாமா அந்த ரீவிக்கு முன்னால் இருப்பதில்லை.

மச்சாள் அடுத்ததாக எடுத்தது ஒரு கட்டுக் கடதாசி. கரவெட்டியில் படிப்பிக்கிற அவளுடைய சிநேகிதி கொடுத்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றின் போட்டோக் கொப்பிக்குப் போட்டோக் கொப்பி. அதில் முழுதாக ஒரு புரோகிராம் அச்சடித்துக் கிடந்தது. எந்தப் பாதை வேண்டும் என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால், எந்தப் பொட்டை அடைக்கவேண்டும் என்று அது கணக்குப் பார்த்துச் சொல்லும். அதன்படி பியூஸை எரிக்கிற பெட்டியின் படமும் இருந்தது. அந்தப் பெட்டிக்கு வேண்டிய சாமான் எல்லாம் என் கடைப் பரணில் செத்த றேடியோக்களுக்குள் கிடந்தன. கொழும்பில் இதே வேலையைச் செய்கிற புரோகிராமின் விலைக்கு எங்கள் ஒழுங்கையில் வளவோடு வீடு வாங்கலாம் என்றாள் மச்சாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில், அதை எழுதியவர் கொஞ்சம் எழுதியிருந்தார். ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பள்ளிக்கூட வாத்தியார். இதை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாமாம். பிழை கண்டால் திருத்தவேண்டுமாம். திருத்தியதைத் தன்னோடு வைத்திருக்காமல் அடுத்தவருக்கும் கொடுக்கவேண்டுமாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் கடதாசியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

“என்ன தேடுறீர்?”

“பூட்டு எங்கையெண்டு பாக்கிறன். ஒருத்தன் இவ்வளவையும் சும்மா குடுப்பானோ?”

எனக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை. சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைக்க நானும் ஒரு சின்னச் சேர்க்கை கண்டுபிடித்திருந்தேன். அதிலுள்ள சாமான்களின் நம்பரை எல்லாம் பிளேட்டால் சுரண்டி, மேலே கறுப்புப் பெயின்ற் பூசித்தான் கொடுப்பேன், அடுத்த சந்தியில் இருக்கிற கடைக்காரன் பார்த்து எழுதிவிடுவான் என்று. அரைச் சதத்துக்கும் பெறாத என் சேர்க்கைக்கு அவ்வளவு காவல். இங்கே ஒரு மனிதன் வருடக்கணக்கில் மண்டையை உடைத்ததைத் தெருவில் விரித்து வைத்துவிட்டு, எடுங்கோ என்று சொல்லிப் போயிருக்கிறான். அந்தச் சின்ன எழுத்தை வாசித்த நேரம், என் பெயின்ற் பேணி மேசையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கட்டினோம். சிரட்டைக் கரியில் காய்ச்சிய கம்பியால் ஈயம் பிடித்தோம். எனக்கு விரலிலும் பிடித்தது. அடுத்த பிரச்சினை பற்றரி. பியூஸ் எரிய முழுப் பற்றரி வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் அரைகுறையாக எரியும். எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மிசின் மண்ணெண்ணெயில் ஓடியது. பக்கத்துத் தோட்டத்து அண்ணை தன் மிசினோடு ஒரு பழைய காரின் டைனமோவைப் பட்டியால் பூட்டி வைத்திருந்தார். வெங்காயம் தண்ணீர் குடிக்கும்போது ஊர்ப் பற்றரிகள் கரண்ட் குடிக்கும். ஆகவே கொம்பியூட்டரும் ரீவியும் பெட்டியும் மிசின் கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தன.

இனித்தான் என் சங்கீதம் வருகிறது.

எங்கள் கோயிலில் புராணபடனம் நடக்கும் நாட்களில் ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார், மற்றவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். பயன் சொல்லுகிறவர் என் மாமா. படிக்கிறவன் நான். குரல் நல்லதென்று இல்லை. எண்ணெய் விளக்கில் எழுத்துத் தெரிகிற கண் ஊரில் எனக்குத்தான் மிச்சமிருந்தது. பாட்டு முடியும்போது, படிக்கிறவர் அதன் கடைசி வரியை இன்னொருதரம் படிப்பார். படிப்பு முடிந்தது, இனிப் பயனைச் சொல்லுங்கோ என்று அதற்கு அர்த்தம். இந்த வழக்கத்தில் ஊறி வளர்ந்தவள் மச்சாள்.

மிசின் கொட்டிலில் அந்தப் புரோகிராமை நான் வாசிக்க, அவள் தட்டவேண்டும். மிசின் போடுகிற சத்தத்தில் சாதாரணக் குரல் அடுத்த அடிக்குக் கேட்காது. ஒரு கட்டத்தில் என்னையறியாமல் இராகம் எடுத்துவிட்டேன். அது கேட்டது. சைபரையும் ஒன்றையும் இழுத்து நீட்டி, நடுவில் மூச்சு விட்டு, ஒரு வரியைப் பாடி முடித்தால் மிசினுக்கு மேலாலை போய் அவள் காதில் விழும். புரோகிராம் முடிந்து, சிப்பின் எந்தக் கால் எந்த வேலியோடு சேருகிறது என்று சொல்லுகிற நீள அட்டவணை வந்தபோது, நான் நல்ல சுருதியில் இருந்தேன்.

தோட்டத்து அண்ணை மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“தம்பி, வெங்காயத்துக்கோ புராணம் படிக்கிறாய்?”

“ஓம் அண்ணை. நல்லாக் காய்க்கும்.”

“வெங்காயம் காய்க்கிறேல்லை. நீ படிக்கிறதைப் படி.”

தட்டி முடிந்தது. கசற்றில் பதிந்தோம். சிப்பை எரிக்க முதல், ரீவியிலேயே வெள்ளோட்டம் பார்க்கிற வசதியையும் அந்த வாத்தியார் வைத்திருந்தார். எரித்த பிறகு சிப் எப்படி நடக்கும் என்று புரோகிராமே நடித்துக் காட்டும். மச்சாள் தன் கணக்கை எல்லாம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வடக்குத் தெற்குக்குப் பச்சை வந்தது. கிழக்கு மேற்குக்கும் பச்சை வந்தது. இரண்டும் சேர்ந்து நின்றன. பிறகு இரண்டுக்கும் ஒன்றாகச் சிவப்பு வந்து, மாறவே மறுத்துவிட்டது.

அண்ணை ரீவியைப் பார்த்தார். “இரண்டு பக்கமும் பச்சை விட்டால் நல்லதுதானே பிள்ளை? ஒருத்தரும் மினக்கெடத் தேவையில்லை.”

மச்சாளுக்கு அடுத்த கிழமை போகலாம் என்று பாஸ் வந்துவிட்டது; கிளாலிக்குப் போய், கடல்நீரேரியைக் கடக்கப் படகெடுக்க ஆயத்தம் செய்யவேண்டும். அவள் தன் கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். அதில் பிழை இல்லை.

“பிழை அந்த வாத்தியிலைதான்,” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். “சும்மா குடுத்த சாமான் சும்மாதான் இருக்கும். நான் அப்பவே பூட்டைத் தேடினனான்.”

“அப்ப என்ன செய்வம்?”

“கடைசியிலை நாலு வரி சேர்த்து, ரீவியிலை ஒழுங்காத் தெரியப் பண்ணுவம்.”

“ரீவியைப் பேய்க்காட்டலாம் மச்சான். சிப்பை எப்பிடிப் பேய்க்காட்டுறது?”

அவள் கடைசிப் பக்கத்தை எடுத்து, அந்தச் சின்ன எழுத்தை இன்னொருதரம் வாசித்தாள். பிறகு சொன்னாள், அந்த மனிசன் பிழை இருந்தால் திருத்தச் சொல்லியிருக்கிறார், திருத்துகிறதென்றால் முதலில் எந்த வரி பிழை என்று தெரியவேண்டும், அதனால் திரும்பத் தொடக்கத்திலிருந்து வருவோம் என்று. இந்தமுறை அவள் தட்டப்போவதில்லை. நான் கடதாசியைப் பார்த்துப் படிக்கவேண்டும். கொம்பியூட்டரில் ஏறியிருக்கிற வரியைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் அவள் பயன் சொல்லுவாள். பயன் சொல்ல முடியாத வரி எதுவோ, அதில்தான் பிழை.

மண்ணெண்ணெய் தட்டுப்பாடாகி அன்றைக்கு மிசின் ஓடவில்லை. கொட்டிலுக்குள் நல்ல அமைதி. இராகத்துக்கு அவசியமே இல்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் கடதாசியைச் சும்மா வாசிக்கத் தெரியாமற் போயிருந்தது.

நான் படித்தேன். அவள் பயன் சொன்னாள். இந்த வரி ஆளைக் கேட்கிறது, இந்த வரி சொன்னதைப் பிரித்து வைக்கிறது, இந்த வரி பிழையாகத் தட்டினால் கோபிக்காமல் திரும்பக் கேட்கிறது. நான் முன்பு பாடித் தள்ளிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருந்தது. பியூஸ் எரிந்ததோ என்று ஒருதரம் பார்த்து, எரியாவிட்டால் கொஞ்சம் ஆறவிட்டுத் திரும்ப எரிக்கிற இடம் ஒன்று வந்தபோது, “உதையும் யோசிச்சிருக்கிறாரே,” என்று மெதுவாகச் சொன்னாள். எங்களை ஒருநாளும் காணாத மனிதன், எங்களைப்போல் நாலு பேர் எங்கெங்கே தடக்கி விழுவார்கள் என்று முன்கூட்டியே நடந்து பார்த்து, அந்தந்த இடத்தில் கை கொடுத்திருந்தான். எனக்குக் கோயிலில்கூட அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை.

அட்டவணைக்கு வந்தோம். ஒரு வரியைப் படித்தேன். பயன் சொன்னாள். அடுத்த வரியைப் படித்தேன். அவள் தலையை நிமிர்த்தினாள்.

“திருப்பிப் படியாதையும் மச்சான். அதுக்குப் பயன் சொல்லியாச்சு.”

“நான் திருப்பிப் படிக்கேல்லை. இது அடுத்த வரி.”

“அதே வரியைத்தானே படிச்சனீர்?”

“அதே மாதிரித்தான் இருக்கு. ஆனால் அடுத்தது.”

கடதாசியைக் கையிலிருந்து பறித்துப் பார்த்தாள். இரண்டு வரிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒரு சைபர் வித்தியாசம் இல்லாமல் நின்றன. கொம்பியூட்டரில் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கீழேயிருந்த வரிகள் எல்லாம் ஒருபடி மேலே ஏறி, எல்லாக் கால்களும் பக்கத்து வீட்டு வேலியோடு போய்ச் சேர்ந்திருந்தன. கடைசியில் குறைந்த வரிக்குச் சைபரைப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டர் முறைப்பாடு இல்லாமல் ஓடியிருக்கிறது.

“அண்டைக்கும் இரண்டுதரம் படிச்சனீரோ?”

“ஓம். கடதாசியிலை இரண்டு இருக்கு, இரண்டு படிச்சன்.”

“நான் நீர் கடைசி வரியைத் திருப்பிப் படிக்கிறீர் எண்டு விட்டிட்டன். உம்மடை பக்தியெண்டு நினைச்சன்.”

சொல்லிவிட்டு மிசின் தொட்டியில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான். வாத்தியை நான் திட்டிய திட்டெல்லாம் கொட்டிலைச் சுற்றி ஒரு வட்டமடித்து வந்து என் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதனிடம் ஒரு சைபர்கூடப் பிழை இல்லை. உலகத்தில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தட்டியிருப்பார்கள். புராணம் படித்துப் பிழைவிட்டவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

விடுபட்ட வரியைச் சேர்த்து வெள்ளோட்டம் விட்டோம். வடக்குக்குப் பச்சை, கிழக்குக்குச் சிவப்பு. பிறகு மஞ்சள். பிறகு மாறியது.

எரிக்கிற நாளுக்கு அண்ணை எங்கிருந்தோ மண்ணெண்ணெய் தேடிக்கொண்டு வந்து, தாகமில்லாத வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தார். “வெங்காயம் அழுகினால் உங்கள் இரண்டு பேரிலைதான் கேப்பன்,” என்று சொல்லிவிட்டுப் பட்டியைப் பூட்டினார். மாமாவும் அன்றைக்குக் கோபம் மறந்து ரீவிக்கு முன்னால் வந்தார், கையில் திருநீற்றோடு. ரீவிக்குப் பூசினார். பற்றரிக்குப் பூசினார். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பூசினார்.

“அப்பா, சிப்பிலை பூசிப்போடாதையுங்கோ,” என்று மச்சாள் கையைக் குறுக்கே வைத்தாள்.

அவள் கடைசிப் பொத்தானை அமத்தினாள். நான் புகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் அனுபவம் அப்படி. புகை வரவில்லை. மணமும் இல்லை. பெட்டியிலிருந்த சின்னச் சிவப்புப் பல்ப் ஒவ்வொரு பியூஸுக்கும் ஒருதரம் இமைத்தது. ரீவியில் ஒரு இலக்கம் ஏறிக்கொண்டே போனது. பல்ப் இமைக்கும் ஒவ்வொருதரமும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வளவில் ஒரு பொட்டு அடைபட்டது. மிசின் கத்துகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, நாங்கள் நாலு பேரும் ஒரு மட்டத்தேளைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஒரு இடத்தில் இலக்கம் நின்றது. மச்சாளின் விரல்கள் என் சட்டைக் கையைப் பிடித்தன. பிறகு பல்ப் இன்னொருதரம் இமைத்து, இலக்கம் நகர்ந்தது. முதலில் எரியாததை ஆறவிட்டுத் திரும்ப எரிக்கிறது, வாத்தியார் யோசித்து வைத்தபடி. மாமா மட்டும் “என்ன நடந்தது?” என்று கேட்டார். “வாத்தியார் நிண்டு பாத்திட்டுப் போறார் மாமா,” என்றேன். அவருக்கு அது விளங்கியது மாதிரித் தலையாட்டினார்.

கொழும்புக்குக் கொண்டுபோக முதல், உண்மையான சந்தியில் ஒருதரம் எரிய விடவேண்டும் என்று மச்சாள் பிடிவாதம் பிடித்தாள். கரண்ட் இல்லாமல் நின்ற மின்கம்பம் ஒன்று சந்தியில் இருந்தது. அதற்கும் செய்வதற்கு ஒரு வேலை வந்தது. ரோச் லைற் பல்புகளுக்கு இனிப்புச் சுற்றி வந்த நிறக் கண்ணாடித் தாள்களைச் சுற்றி, அவையும் சிப்பும் பூட்டிய பலகையைக் கம்பத்தில் கட்டினோம். மேலே ஆமியின் ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் மூடுவதற்கு அண்ணை ஒரு பனையோலைக் கடகத்தோடு பக்கத்தில் நின்றார்.

பொழுது படுகிற நேரம். முதலில் வந்தது கொழும்புத்துறைப் பக்கம் மீன் எடுத்து வந்து விற்கிற ஐயா, வெறும் பெட்டியோடு சைக்கிளில். தூரத்திலேயே சிவப்பைக் கண்டுவிட்டார். கிட்ட வந்து, ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றார். ஒருவரும் மறிக்கவில்லை. குறுக்கே ஒரு வாகனமும் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு வாத்தியாரம்மா வந்து இறங்கி நின்றா. அவவுக்குப் பின்னால் விறகுக் கட்டோடு ஒருவர். பிறகு இன்னும் சிலர். எல்லாரும் நின்றார்கள். கரண்டில் எரிகிற நிற வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு காலம். வாத்தியாரம்மாவின் சைக்கிள் கரியலில் இருந்த சின்னப் பிள்ளை அப்படியொன்றைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது. ஒரு நகத்தளவு பொருளுக்குள் நாங்கள் அடைத்த பொட்டுகள், தெருவில் இத்தனை பேரை மரியாதையாக நிற்பாட்டி வைத்திருக்கின்றன.

பச்சை வந்தது.

“போங்கோ, பச்சை,” என்று மீன்கார ஐயா பின்னுக்கு நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டு மிதித்தார். கொஞ்சத் தூரம் போய், திரும்பி வந்து, மற்றப் பக்கத்துச் சிவப்பில் இன்னொருதரம் நின்றார்.

மாற்றுப் பற்றரி எடுக்க வீட்டுக்கு ஓடிய நான், அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒழுங்கையால் திரும்பி வந்து, வழக்கம்போல் ஒரு பக்கமும் பாராமல் சந்தியில் திரும்பினேன். முழு ஊரும் நிற்கிறது, நான் மட்டும் சிவப்பில் போகிறேன்.

“நான் சொன்னனானெல்லோ, உந்த ஆளுக்குத்தான் லைற் தேவையெண்டு,” என்று மச்சாள் கம்பத்தடியில் நின்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

அவள் போகுமுன் வாத்தியார் கேட்டபடி நாங்களும் ஒரு திருத்தம் செய்தோம். அவர் எழுதியதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே அட்டவணையில் அந்த இரட்டை வரிகளுக்கு முன்னால், ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தோம்: இந்த வரி இரண்டுதரம் வரும், படிக்கிறவர் திருப்பிப் படிக்கவில்லை. கசற்றில் கொப்பிகள் எடுத்தோம். ஒன்று கரவெட்டிக்குப் போனது, ஒன்று மச்சாளின் பைக்குள் போனது. ஒன்றை, டைனமோச் சேர்க்கையின் படத்தோடு, பெயின்ற் பூசாமல், அடுத்த சந்திக் கடைக்காரனிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.

மச்சாள் சிப்பைச் செருப்புக்குள்ளும் பலகையை அரிசிமாப் பைக்குள்ளும் வைத்துக்கொண்டு கடல் கடந்தாள். பிறகு எத்தனையோ நாட்கள் ஒரு தகவலும் இல்லை. மாமா பசுவோடு அதிகம் கதைக்கத் தொடங்கினார். நான் திருத்திய றேடியோக்கள் சூடாகக்கூட இருக்கவில்லை.

கடைசியில், முன்பு செருப்பில் சிப் கொண்டுவந்த அதே மனிசி கடை வாசலில் வந்து நின்று, உங்கடை மச்சாள் சொல்லிவிட்டவ என்றா. லைற் எரிந்ததாம். ஒழுங்காக மாறியதாம். பிள்ளை சோதனையில் பாஸாம். சோதனைக்காரர் இவள் கொண்டுபோன புரோகிராமைப் பார்த்துக்கொண்டு வந்து ஒரு வரியில் நின்றுவிட்டாராம், இது என்ன பாஷை என்று. இவள் மிசின் கொட்டிலையும் புராணத்தையும் சொல்ல, அந்த மனிசன் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாராம். தனக்கும் ஒரு கொப்பி கேட்டு வாங்கினாராம்.

“பிறகு உங்களுக்கு ஒண்டு சொல்லச் சொன்னவ தம்பி. அந்த வரியை ஒருத்தரும் அழிக்கக் கூடாதாம். சோதிச்ச ஐயா சொன்னவராம்.”

மனிசிக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, மாமாவிடம் சொல்லச் சைக்கிளை எடுத்தேன். சந்தியில் அந்தக் கம்பம் திரும்பவும் வேலையில்லாமல் நின்றது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. காலை ஊன்றி நின்று, வடக்கே பார்த்து, தெற்கே பார்த்து, பிறகுதான் திரும்பினேன்.